பத்து மணி நேரப் பேருந்து: ஃபுகுஷிமாவில் படுக்கை நோயாளிகளை வெளியேற்றியது குறித்த நிகழ்வு ஆய்வு

எதைப் பற்றிய ஆய்வு

ஜப்பானின் ஃபுகுஷிமா தாயிச்சி அணுமின் நிலையத்திலிருந்து சுமார் நாலரை கிலோமீட்டர் தள்ளி, ஓகுமா என்ற சிற்றூரில் ஒரு மருத்துவமனை இருந்தது. மனநோய், முதுமை மறதி, பக்கவாதம் என்று நெடுநாளாகத் தங்கிச் சிகிச்சை பெற்றவர்கள் 338 பேர் அங்கே இருந்தார்கள். அருகிலிருந்த, அதனோடு இணைந்த முதியோர் பராமரிப்பு இல்லத்தில் 98 பேர். 2011 மார்ச் 12 முதல் 16 வரை இந்த 436 பேரையும் அங்கிருந்து வெளியே கொண்டுவந்தார்கள். மார்ச் முடிவதற்குள் அவர்களில் சுமார் 50 பேர் இறந்துபோனார்கள்.

இறந்தவர்களைக் கொன்றது கதிர்வீச்சு அல்ல. உடல் வெப்பம் குறைந்தது, நீர் வற்றியது, ஏற்கெனவே இருந்த நோய் கவனிப்பில்லாமல் முற்றியது. பிற்பாடு மருத்துவர்கள் எழுதிய காரணங்கள் இவைதான். ஆபத்திலிருந்து காப்பாற்றத்தான் அவர்களை வண்டியில் ஏற்றினார்கள். அந்தப் பயணத்தையே அவர்கள் உடம்பு தாங்கவில்லை.

முதியோர் இல்லம், நெடுநாள் சிகிச்சை மருத்துவமனை, மாற்றுத்திறனாளிகள் விடுதி ஆகியவற்றுக்கு வெளியேற்றத் திட்டம் எழுதுவோர் ஒருமுறையாவது முழுமையாகப் படிக்க வேண்டிய நிகழ்வு இது. புயலுக்கும் வெள்ளத்துக்கும் திட்டமிடுவோருக்கும் இதில் பாடம் உண்டு. நிறுவனங்களின் பெயரும் ஆட்களின் பெயரும் இங்கே தேவைப்படவில்லை.

பின்னணி: காகிதத்தில் இருந்த திட்டம்

அந்நாளைய ஜப்பானிய விதிப்படி, அணு நிலையத்தைச் சுற்றி 8 முதல் 10 கிலோமீட்டர் வரைதான் அவசரகால ஏற்பாடுகள் தேவை. மருத்துவமனைகள் தங்கள் வெளியேற்றத் திட்டத்தைத் தாங்களே வகுத்துக்கொள்ள வேண்டும் என்பது மாகாணத்தின் நிலைப்பாடு. ஒரு மருத்துவமனையை மட்டும் காலி செய்யும்போது சுற்றியுள்ள ஊரும் சாலையும் பக்கத்து மருத்துவமனைகளும் வழக்கம்போல இயங்கும் என்ற நினைப்பில்தான் எல்லாம் எழுதப்பட்டிருந்தது. ஊர் மொத்தமும் ஒரே நாளில் கிளம்பினால் பேருந்து யாருக்கு, படுக்கை எங்கே என்ற கேள்வியை யாரும் எழுப்பவில்லை.

அணு விபத்தைக் கையாள ஒதுக்கிய கட்டுப்பாட்டு மையமும் அதே ஓகுமாவில், நிலையத்திலிருந்து 5 கிலோமீட்டரில் இருந்தது. காற்றை வடிகட்டும் வசதி அதற்கு இல்லை. 15-ஆம் தேதி அதுவே இடத்தைக் காலி செய்துவிட்டு ஃபுகுஷிமா நகருக்குப் போனது. வெளியேற்றத்தை நடத்த வேண்டியவர்களே வெளியேறினார்கள்.

பின்னாளில் நாடாளுமன்ற விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது, நிலையத்தைச் சுற்றிய 20 கிலோமீட்டர் வளையத்துக்குள் 7 மருத்துவமனைகளில் சுமார் 850 நோயாளிகள் இருந்தது தெரிந்தது. அவர்களில் ஏறத்தாழ 400 பேர் படுத்த படுக்கையாகவோ, இடைவிடாத கவனிப்பு தேவைப்பட்டவர்களாகவோ இருந்தார்கள். அந்த வளையத்தின் மருத்துவமனைகளிலும் இல்லங்களிலும் இருந்தவர்களில் மார்ச் இறுதிக்குள் இறந்தோர் குறைந்தது 60 பேர். ஆகப் பெரிய இழப்பு இங்கே நாம் பார்க்கும் மருத்துவமனையில்.

மார்ச் 11, 12: முதல் பேருந்துகள்

மார்ச் 11 பிற்பகல் 2:46-க்கு 9.0 அளவு நிலநடுக்கம். பிறகு ஆழிப்பேரலை. மருத்துவமனையில் மின்சாரமும் தண்ணீரும் நின்றன, தொலைபேசி செத்தது. சளி உறிஞ்சும் கருவி, மின்படுக்கை, சூடேற்றி எல்லாம் மின்சாரத்தை நம்பியவை. அணு நிலையத்திலும் விபத்து மூண்டது. அன்றிரவு 9:23-க்கு அதிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் இருப்போர் வெளியேற வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. மறுநாள் காலை 5:44-க்கு அது 10 கிலோமீட்டராக விரிந்தது. மருத்துவமனை அந்த வளையத்துக்குள் வந்துவிட்டது.

12-ஆம் தேதி நடுப்பகல் வாக்கில் ஊர் நிர்வாகம் 5 பேருந்துகளை அனுப்பியது. நடக்கக்கூடிய, உட்காரக்கூடிய 209 நோயாளிகள் ஏறினார்கள். பணியாளர்களில் பெரும்பாலோரும் அவர்களோடு போனார்கள். அங்கே மிஞ்சியது படுக்கையிலேயே இருந்த 129 பேர், முதியோர் இல்லத்தின் 98 பேர், தலைமை மருத்துவர், விரல்விட்டு எண்ணக்கூடிய பணியாளர்கள்.

பேருந்து திரும்ப வரும் என்று உள்ளே இருந்தவர்கள் நினைத்தார்கள். மருத்துவமனை காலியாகிவிட்டது என்று ஊர் நிர்வாகம் நினைத்தது. பிற்பகல் 3:36-க்கு அணு நிலையத்தின் முதல் உலைக் கட்டடம் வெடித்தது. மாலை 6:25-க்கு ஆணை 20 கிலோமீட்டருக்கு விரிந்தது. ஊரில் ஆளே இல்லாமல் போனது.

இந்த முடிவை நிதானமாகப் பார்க்க வேண்டும். நடப்பவர்களை முதலில் ஏற்றியது தவறென்று சொல்லிவிட முடியாது. வந்தவை இருக்கை வைத்த பேருந்துகள், நேரமும் இல்லை, உட்கார முடிந்தவர்களை ஏற்றினால் அதிகம் பேர் போகலாம். கோளாறு பணியாளர்களைப் பிரித்ததில்தான் நேர்ந்தது. ஓரளவு தங்களைப் பார்த்துக்கொள்ளக்கூடிய 209 பேரோடு கைகள் எல்லாம் போய்விட்டன. இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டிய, குழாய் வழியே உணவு ஏற்ற வேண்டிய, சளி எடுக்க வேண்டிய 129 பேருக்குக் கையே இல்லாமல் போனது. தலையை எண்ணிப் பணியாளரைப் பிரித்தால் எங்கும் இப்படித்தான் ஆகும்.

இன்னொன்று எண்ணிக்கை. பேருந்தில் ஏறியவர்களை எண்ணினார்கள். கட்டடத்தில் இருப்பவர்களை யாரும் எண்ணி எழுதி ஊர் நிர்வாகத்தின் கையில் கொடுத்ததாகத் தெரியவில்லை. 129-உம் 98-உம் ஒரு துண்டுத்தாளில் எழுதப்பட்டு, கடைசிப் பேருந்தின் ஓட்டுநர் வழியாகவாவது போயிருந்தால், “காலியாகிவிட்டது” என்ற எண்ணம் அன்று மாலையே உடைந்திருக்கும்.

மார்ச் 14: பேருந்தில் நடந்தது

ஒன்றரை நாளுக்கு மேல் யாரும் வரவில்லை. 14-ஆம் தேதி விடியலுக்கு முன் தற்காப்புப் படையினர் (ஜப்பானின் ராணுவத்தினர்) வந்தார்கள். முதியோர் இல்லத்தின் 98 பேரும் மருத்துவமனையின் 34 பேருமாக 132 பேர் வண்டிகளில் ஏற்றப்பட்டு, காலை பத்தரை மணியளவில் கிளம்பினார்கள். அரை மணி நேரத்தில், 11:01-க்கு மூன்றாம் உலைக் கட்டடம் வெடித்தது.

அவர்கள் கடைசியாகப் போய்ச் சேர்ந்த இடம் இவாக்கி நகரின் ஓர் உயர்நிலைப் பள்ளி. ஓகுமாவிலிருந்து நேராகத் தெற்கே போனால் 60 கிலோமீட்டருக்குள் வரும் ஊர் அது. வண்டிகளோ முதலில் வடக்கே, மினாமிசோமாவில் இருந்த சுகாதார அலுவலகத்துக்குப் போயின. உடம்பில் கதிரியக்கத் துகள் ஒட்டியிருக்கிறதா என்று சோதிக்காமல் யாரையும் எங்கும் சேர்க்க முடியாது என்பது அன்றைய நடைமுறை. சோதனை முடிந்த பிறகு, தடைசெய்த வளையத்தைத் தவிர்க்க மேற்கே ஃபுகுஷிமா நகர்ப் பக்கம் போய், உள்நாட்டு வழியாகச் சுற்றித் தெற்கே இறங்கினார்கள். மொத்தம் சுமார் 230 கிலோமீட்டர். பள்ளியை அடைந்தபோது இரவு எட்டு மணி ஆகியிருந்தது.

வண்டிக்குள் என்ன நடந்தது என்பதைத் திட்டம் எழுதுவோர் கண்ணால் காண்பதுபோல மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். படுத்த படுக்கையான முதியவர்களை இருக்கைகளின்மேல் குறுக்கே கிடத்தியிருந்தார்கள். சிலர்மேல் பாதுகாப்பு அங்கியைச் சுற்றியிருந்தார்கள். வண்டி வளைவில் திரும்பும்போது சிலர் இருக்கையிலிருந்து சரிந்து விழுந்து காயப்பட்டார்கள். மருத்துவப் பணியாளர் யாரும் கூட இல்லை. வெளியே மார்ச் மாதக் குளிர்.

அத்தகைய ஒருவருக்குப் பத்து மணி நேரம் என்ன செய்யும்? தசை வற்றிய முதிய உடலால் நடுங்கிச் சூட்டை உண்டாக்க முடியாது. நனைந்த டயபர் அந்தச் சூட்டையும் இழுத்துக்கொண்டே இருக்கும். உடல் வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்கினால் நினைவு மங்கும், இதயத் துடிப்பு தடுமாறும். பக்கவாதம் வந்தவருக்கு இருமிச் சளியைத் துப்பும் வலு கிடையாது. வார்டில் மணிக்கொருமுறை எடுக்கும் சளியைப் பயணத்தில் எடுக்காவிட்டால் அது தொண்டையில் தேங்கி மூச்சுக்குழாயை அடைக்கும். மூக்குவழிக் குழாயில் உணவு ஏற்றியவரைத் தலை உயர்த்தாமல் கிடத்தினால் உணவு மேலேறி நுரையீரலுக்குள் போகும். பல மாதம் படுத்தே இருந்தவரைச் சட்டென்று நிமிர்த்தி உட்காரவைத்தால் ரத்த அழுத்தம் விழும். டிரிப் நின்றால் ஒரே நாளில் நாக்கு உலரும், சிறுநீர் குறையும். இவற்றில் ஒன்றிரண்டை ஒருவர் தாங்கக்கூடும். நாலைந்தும் ஒன்றாக வந்தால், மூன்று நாளாகச் சரியான கவனிப்பில்லாத உடம்பு தாங்காது.

பள்ளியில் கிடைத்தது உடற்பயிற்சிக் கூடத்தின் மரத்தரை. ஆக்சிஜன் இல்லை, சளி உறிஞ்சும் கருவி இல்லை, டிரிப் மாட்டக் கம்பிகூட இல்லை. பயணத்திலும் அந்த இரவிலுமாகப் பத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள்.

மார்ச் 14 இரவு முதல் 16 வரை: மீதி இருந்தவர்கள்

132 பேர் போன பிறகு மருத்துவமனையில் 95 பேர் எஞ்சினார்கள். அவர்களில் சிலர் மீட்பு வருமுன்பே, அங்கேயே இறந்திருந்தார்கள். 14-ஆம் தேதி இரவு இரண்டாம் உலையின் நிலை மோசமானதால், அங்கிருந்த மருத்துவரையும் பணியாளர்களையும் உடனே கிளம்பச் சொல்லிக் காவல்துறை அழைத்துப் போனது. தற்காப்புப் படையோடு சேர்ந்து திரும்பி வரலாம் என்று ஒரு மலைக்கணவாயில் காத்திருந்தார்கள். இரு தரப்பும் சந்திக்கவே இல்லை.

15-ஆம் தேதி படையினர் வந்தபோது நோயாளிகளை அறிந்த ஆள் கட்டடத்தில் இல்லை. இவர் பெயர் என்ன, யாருக்கு என்ன மருந்து, அடுத்த கட்டடத்தில் இன்னும் ஆட்கள் உண்டா என்று கேட்க ஒருவரும் இல்லை. முற்பகலில் இரண்டு தடவையாக ஒரு பகுதியினரை எடுத்துப் போனார்கள். வேறொரு கட்டடத்தில் இருந்த 35 பேர் விடுபட்டார்கள். 16-ஆம் தேதி நள்ளிரவு தாண்டித்தான் அவர்கள் வெளியே வந்தார்கள்.

17-ஆம் தேதி மாகாண நிர்வாகம் வெளியிட்ட அறிக்கை, மருத்துவமனைப் பணியாளர்கள் நோயாளிகளை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று பொருள்படும்படி இருந்தது. செய்தி உலகம் முழுக்கப் போனது. உண்மை வேறு என்று பிறகு திருத்தினார்கள். ஆனால் மூன்று நாள் தூங்காமல் கிடந்தவர்கள்மேல் விழுந்த பழி அந்தத் திருத்தத்தோடு போய்விடவில்லை. பேரிடர் நேரத்தில் யார் எங்கே இருந்தார்கள் என்று நேரத்தோடு எழுதிவைக்கும் பதிவேடு, பணியாளர்களின் மானத்தைக் காக்கவும் தேவை என்பதால் இதைக் குறிப்பிடுகிறோம்.

முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

சோதனைக்குப் பிறகே சேர்க்கை என்ற விதியை முதலில் எடுத்துக்கொள்வோம். அதன் பின்னால் இருந்தது அச்சம். ஏற்கும் மருத்துவமனைகள் தயங்கின, சான்று கேட்டன. கட்டடத்துக்குள் போர்வையின் கீழ் கிடந்தவர் மேல் ஒட்டியிருக்கக்கூடிய துகளின் அளவு, அவரை மருத்துவர் தொடக்கூடாத அளவு ஆகாது. மேலாடையைக் கழற்றி உறையில் கட்டினாலே ஒட்டியதில் பெரும்பகுதி, சில வேளைகளில் 90 விழுக்காடு வரை போய்விடும். முகத்தையும் கையையும் ஈரத்துணியால் துடைத்தால் மேலும் குறையும். உயிர் காக்கும் சிகிச்சை முதலில், சோதனை பிறகு என்பது கதிர்வீச்சு மருத்துவத்தின் பழைய விதி. அதை அறிந்தவர் யாரும் அன்று அந்த வண்டிகளின் பாதையை முடிவுசெய்யும் இடத்தில் இல்லை.

அடுத்தது போகுமிடம். 132 பேரை ஏற்றியபோது அவர்களுக்கான படுக்கைகள் எங்கும் உறுதியாகவில்லை. எங்கள் பார்வையில், இந்த நிகழ்வில் மற்ற எல்லாப் பிழைகளுக்கும் தாய் இதுதான். போகுமிடம் தெரிந்தால் தூரம் தெரியும். தூரம் தெரிந்தால் நேரம் தெரியும், அதிலிருந்து எத்தனை சிலிண்டர், எத்தனை டயபர், எத்தனை ஆட்கள் என்ற கணக்கு வரும். அது தெரியாதபோது எந்தக் கணக்கும் போட முடியாது. முடிந்தவரை ஏற்று, கிளம்பு என்பதுதான் மிஞ்சும்.

அங்கேயே வைத்துக் காத்திருக்கலாமே என்று கேட்கலாம். அது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. மின்சாரம், தண்ணீர், பணியாளர் மூன்றும் இல்லாத கட்டடத்தில் காத்திருந்தாலும் உயிர் போயிருக்கும், சிலருக்குப் போனது. கட்டடத்தோடு கவனிப்பும் இருந்தால்தான் உள்ளே தங்குவது பாதுகாப்பு. 20 முதல் 30 கிலோமீட்டர் வரை வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்று 15-ஆம் தேதி ஆணை வந்தது. உடனே அந்தப் பகுதிக்குள் சரக்கு லாரிகள் வர மறுத்தன. கடைகளில் பொருள் தீர்ந்தது, எரிபொருள் தீர்ந்தது, பணியாளர்கள் குடும்பத்தோடு கிளம்பினார்கள். மினாமிசோமாவில் இருந்த முதியோர் இல்லங்கள் அதன் பிறகுதான் காலி செய்தன.

ஒப்பிட மூன்று நிகழ்வுகள்

அந்த மினாமிசோமா இல்லங்களை ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தார்கள். ஐந்து இல்லங்களில் விபத்துக்கு முன்னும் பின்னும் இறப்பைக் கணக்கிட்டபோது, வெளியேற்றத்துக்குப் பின் இறப்பு வாய்ப்பு சுமார் 2.7 மடங்கு ஆகியிருந்தது. ஆனால் எல்லா இல்லங்களிலும் ஒரே மாதிரி இல்லை. ஒன்றில் ஏற்றமே தெரியவில்லை, இன்னொன்றில் ஏறக்குறைய மூன்று மடங்கு. நகரம் ஒன்று, விபத்து ஒன்று, வயதும் ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபட்டது எப்படி ஏற்றினார்கள், யார் கூடப் போனார்கள், போன இடத்தில் உணவும் கவனிப்பும் எப்படி இருந்தன என்பது. அதே ஆய்வாளர்கள் பிறகு செய்த கணக்கு இன்னும் முக்கியமானது: உயிர்ச் சேதம் முதல், அவசர நகர்த்தலில்தான் குவிந்திருந்தது. முன்னேற்பாட்டோடு நடந்த பிந்தைய இடமாற்றங்கள் இறப்பை அப்படிக் கூட்டவில்லை.

இரண்டாவது, ஈதாத்தே கிராமம். விபத்துக்குப் பல வாரம் கழித்து அந்தக் கிராமம் முழுவதையும் காலி செய்யச் சொன்னார்கள். அங்கிருந்த முதியோர் இல்லத்தில் சுமார் நூறு பேர். அவர்களை நகர்த்தினால் வரும் ஆபத்தையும், தடித்த சுவருக்குள் இருந்தால் வரும் கதிர்வீச்சின் அளவையும் எடைபோட்டு, இல்லம் அங்கேயே தொடர அரசு ஒப்புக்கொண்டது. உள்ளும் புறமும் அளவு பார்த்துக்கொண்டு, பணியாளர்கள் வெளியூரிலிருந்து வந்துபோனார்கள். கிராமமே வெறிச்சோடிய நிலையிலும் அந்தக் கட்டடத்தில் இரவில் விளக்கு எரிந்தது.

மூன்றாவது, இவாக்கியின் டயாலிசிஸ் நோயாளிகள். ஒருவருக்கு ஒரு தடவை, நிமிடத்துக்கு 500 மில்லி வீதம் 4 மணி நேரம் ஓடினால் 120 லிட்டர் நீர்க்கரைசல் போகும். குழாயில் தண்ணீர் இல்லாத நகரத்தில் அது நடக்காது. ஆறு நாளுக்குள் 600 பேருக்குச் சற்றுக் குறைவானவர்களைப் பேருந்துகளில் டோக்கியோ, சிபா, நீகதா பக்கங்களுக்கு அனுப்பினார்கள். ஏற்கும் மையங்களை மருத்துவர்கள் தங்கள் வட்டாரத் தொடர்புகள் வழியே முதலில் பிடித்தார்கள், பேருந்து பிறகு வந்தது. ஓகுமாவில் நடந்த வரிசையின் நேர் எதிர் வரிசை இது.

பிறகு ஜப்பானில் மாறியவை

2012-இல் வந்த புதிய வழிகாட்டல், நிலையத்திலிருந்து 5 கிலோமீட்டர் வரை உடனடி நடவடிக்கைக்கும் 30 கிலோமீட்டர் வரை முன்னேற்பாட்டுக்கும் என்று இரண்டு வளையங்களை வகுத்தது. நகர்த்தினால் உடல்நிலை கெடும் என்று தெரிந்தவர்களை, 5 கிலோமீட்டருக்குள் இருந்தாலும், காற்றை வடிகட்டி, வெளிக்காற்று புகாதபடி உள்ளழுத்தம் கூட்டிய கட்டடத்தில் வைத்து, வண்டியும் போகுமிடமும் ஆளும் தயாரான பிறகே அனுப்பலாம் என்று ஏற்றுக்கொண்டார்கள். பல மருத்துவமனைகளிலும் இல்லங்களிலும் அதற்கான தளங்களைக் கட்டினார்கள்.

2013 சட்டத் திருத்தத்தால், உதவியின்றி வெளியேற முடியாதவர்களின் பட்டியலை ஒவ்வோர் ஊராட்சியும் வைத்திருக்க வேண்டியதாயிற்று. பட்டியல் மட்டும் போதவில்லை. ஒருவர் பெயர் இருக்கும், அவரை யார் தூக்குவது என்று இருக்காது. 2021 திருத்தம் ஆளுக்கொரு தனித் திட்டம் எழுத முயல வேண்டும் என்று ஊராட்சிகளைக் கேட்டுக்கொண்டது. முயற்சிக் கடமைதான், கட்டாயம் இல்லை. பராமரிப்பு நிறுவனங்கள் பேரிடர்காலப் பணித்தொடர்ச்சித் திட்டம் வைத்திருப்பது 2024 ஏப்ரலிலிருந்து கட்டாயம்.

இன்று ஒரு திட்டம் எழுதினால்

இந்த நிகழ்விலிருந்து நேராக வரும் கணக்குகளை ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறோம். 60 பேர் கொண்ட இல்லம் என்று வைத்துக்கொள்வோம்: நடப்பவர் 20, சக்கர நாற்காலி 22, படுக்கை 18. இந்த மூன்று எண்களையும் மாதம் ஒருமுறை புதுப்பித்துக் கதவுப் பக்கத்தில் ஒட்டுங்கள். போன வருட எண் உதவாது. இந்த வயதில் மூன்று மாதத்தில் நடப்பவர் நாற்காலிக்கு வருவார்.

படுக்கையில் இருப்பவரைப் போர்வையோடு தூக்கி இறக்கி வண்டியில் கிடத்த நாலு பேர் வேண்டும். படி இருந்தால் ஒருவருக்கு 8 நிமிடமாவது ஆகும். 18 பேருக்கு ஒரு குழு என்றால் 144 நிமிடம். இரண்டாவது பாதியில் கைகள் சோர்வதால் உண்மையில் மூன்று மணி நேரம். இரண்டு குழு இருந்தால் பாதி. இந்த எட்டுப் பேர் தூக்கும் நேரத்தில் நோயாளியைக் கவனிக்க முடியாது என்பதைத் திட்டங்கள் மறந்துவிடுகின்றன. தூக்குபவர் வேறு, கவனிப்பவர் வேறு என்று பெயர்களைத் தனித்தனியே எழுத வேண்டும். ஒத்திகையில் 60 கிலோ அரிசி மூட்டையைப் போர்வையில் வைத்து மாடியிலிருந்து இறக்கிப் பாருங்கள். இளைஞரை நோயாளியாக நடிக்கவைத்தால் அவர் தன்னையறியாமல் உடம்பை இறுக்கி உதவிவிடுவார், நேரம் பொய்யாக வரும்.

இருக்கைப் பேருந்து படுக்கை நோயாளிக்கு ஆகாது. ஆம்புலன்ஸ் 18 ஒரே நாளில் கிடைக்கவும் கிடைக்காது. இடையில் ஆகக்கூடியது தரை சமமான வேன் அல்லது இருக்கை கழற்றிய பேருந்து. தரையில் மெத்தை, பக்கத்தில் சுருட்டிய போர்வை அணை, மார்பிலும் தொடையிலும் அகலத் துணிப்பட்டை. தலைப்பக்கம் 30 பாகை உயர்த்தி வைக்க வேண்டும். ஒரு வண்டியில் பத்துப் பேருக்கு மேல் கிடத்தினால் நடுவில் நடந்து சளி எடுக்க வழி இருக்காது. பத்துப் பேருக்கு நர்ஸ் இருவர், உதவியாளர் மூவர் என்பதைக் கீழ் எல்லையாக வைக்கலாம்.

ஆக்சிஜன் கணக்கை ஊகத்தில் விடக்கூடாது. நிமிடத்துக்கு 2 லிட்டர், 10 மணி நேரம் என்றால் 1200 லிட்டர். வழியில் நிற்கும் நேரத்துக்குப் பாதி கூட்டினால் 1800. நம்மூரில் கிடைக்கும் பி டைப் சிலிண்டர் 1500 லிட்டர் கொள்ளும், ஆகவே ஒருவருக்கு இரண்டு. மாற்றும்போது சாவி கிடைக்காமல் தவிப்பதுதான் வழக்கமாக நேர்வது. ஒவ்வொரு சிலிண்டரின் கழுத்திலும் சாவியை நூலில் கட்டிவிடுங்கள். சளி உறிஞ்ச மின்கலக் கருவி ஒன்றோடு, காலால் மிதித்து இயக்கும் கருவி ஒன்றும் வேண்டும். மின்கலம் ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடும், மிதிக்கும் கருவி இறங்காது.

குழாய் உணவைக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். நாலு மணிக்கொருமுறை டயபர் மாற்றுவதாகக் கொண்டு ஆளுக்கு மூன்று. குளிர் இல்லாத ஊரிலும் மழையில் நனைந்த முதியவர் பேருந்துக் காற்றில் விறைப்பார், ஆகவே காய்ந்த துணி ஒரு மாற்றும் பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றும் ஒவ்வொருவரோடும் போக வேண்டும்.

ஒவ்வொருவர் கையிலும் பெயர்ப்பட்டை. கழுத்தில் நீர் புகாத உறையில் ஒற்றைத் தாள்: நோய், மருந்தும் வேளையும், ஒவ்வாமை, வாய்வழி உணவா குழாயா, கடைசியாக உணவும் சளி எடுப்பும் நடந்த நேரம், பேச்சு புரியுமா, உறவினர் எண். முதுமை மறதி உள்ளவருக்கு அவரை எப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார் என்பதையும் எழுதுங்கள். புதிய இடத்தில் “அம்மா” என்றால் திரும்பாதவர் “டீச்சர்” என்றால் திரும்பக்கூடும். இந்தத் தாள் இல்லாமல் போய்ச் சேர்பவருக்கு முதல் மருந்து கொடுக்கவே அரை நாள் ஆகும்.

போகுமிடம் இரண்டு: ஒன்று 30 கிலோமீட்டருக்குள், இன்னொன்று வேறு திசையில் 100 கிலோமீட்டர் தள்ளி. உங்களைப் போன்ற இன்னோர் இல்லமே நல்ல போகுமிடம், கல்யாண மண்டபம் அல்ல. எழுத்தில் ஒப்பந்தமும், எத்தனை படுக்கை என்ற எண்ணும், இரவில் எடுக்கப்படும் கைபேசி எண்ணும் வேண்டும். படுக்கை இடம் உறுதியாகும்வரை படுக்கை நோயாளி வண்டியில் ஏறக்கூடாது. தீயோ, ஏறிவரும் வெள்ளமோ கட்டடத்தையே தொட்டால் மட்டும் விதிவிலக்கு. இடம் உறுதியாகும்வரை காத்திருப்பதற்காகவே முதல் 48 மணி நேரத்துக்கு உள்ளேயே தாங்கும் தண்ணீர், டீசல், மருந்து, மேல்தளத்தில் இடம் ஆகியவை திட்டத்தின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கடைசி வண்டியோடு “உள்ளே மீதம்” என்ற எண் போக வேண்டும். பூஜ்யமானாலும் எழுதி, கையெழுத்திட்டு, நிர்வாகத்தில் பெயர் சொல்லி ஒருவரிடம் கொடுக்க வேண்டும். ஒரு கட்டடம் முழுக்கக் காலியானதும் வாசலில் சுண்ணாம்புக் கட்டியால் தேதி, நேரம், எண் எழுதுவது பழைய முறை. அந்த 35 பேர் விஷயத்தில் அது இல்லாமல் போனது.

தீராமல் நிற்பது

ஜப்பானிலும் இன்றுவரை தீராத ஒன்று உண்டு: ஆட்கள். வளையத்துக்குள் போகும் தனியார் பேருந்து ஓட்டுநர்களுக்குக் கதிர்வீச்சு 1 மில்லிசீவெர்ட்டுக்கு மேல் போகாது என்ற உறுதியோடுதான் மாகாணங்கள் ஒப்பந்தம் போடுகின்றன. அளவு அதைத் தாண்டும் என்று தெரிந்தால் ஓட்டுநர் வரவேண்டியதில்லை. அது நியாயம்தான், அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். இரவுப் பணியில் இருக்கும் நர்ஸுக்கும் தூக்கும் உதவியாளருக்கும் அப்படித்தான். இரவு இரண்டு மணிக்கு அந்த இல்லத்தில் எத்தனை பேர் பணியில் இருப்பார்கள், அவர்களில் எத்தனை பேர் வீட்டில் கைக்குழந்தையோ படுத்திருக்கும் மாமியாரோ உண்டு, அவர்களை யார் பார்ப்பார்கள் என்று கேட்டு எழுதிவைத்த திட்டங்களை மிகக் குறைவாகத்தான் பார்க்க முடிகிறது. படுக்கை எண்ணிக்கைக்கு அடுத்த பத்தியாக அதையும் எழுதிவைக்க வேண்டும்.